முக்காலை அரையால் வகுத்தால்

"முக்காலை வகுத்தா ஒன்றரை எப்படி புள்ள வரும்?" என்று அழகர்சாமி மகளின் கணக்கு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஆறாம் வகுப்பு கனிமொழி பென்சிலைக் கடித்தாள். முக்காலை அரையால் வகுக்கச் சொல்லியிருந்தது வீட்டுப்பாடம்.

"மேடம் சொன்னாங்கப்பா. ரெண்டாவதை உல்ட்டா பண்ணி மல்டிப்ளை பண்ணணும்."

"கணக்குல உல்ட்டா புல்ட்டா எல்லாம் கிடையாது. வகுத்தா குறையணும். அதுதான் நியாயம்."

நியாயத்தை நிலைநாட்ட அவர் கால்குலேட்டரை எடுத்தார். கட்டடங்களுக்கு எஸ்டிமேட் போடும் ஓர் அரசு அலுவலகத்தில் அழகர்சாமி செக்‌ஷன் ஆபீசர். மதுரையிலிருந்து தில்லிக்கு வேலைக்கு வந்த வருஷம், முதல் சம்பளத்தில் வாங்கிய கால்குலேட்டர் அது. அதற்குத் தைத்த உறை கூட உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் காபியோடு அதையும் காட்டி, இது கணக்குப் போடாத கட்டடம் இந்த ஆர்.கே.புரத்தில் கிடையாது என்பார். அவருக்குத் தன் மேல் சந்தேகம் வந்ததே இல்லை. வருவதற்கு அவர் இடம் கொடுத்ததும் இல்லை.

மூன்று, வகுத்தல், நான்கு. வகுத்தல், ஒன்று. வகுத்தல், இரண்டு. நோட்டில் எண்கள் இருந்த வரிசையிலேயே ஒன்று விடாமல் அழுத்தினார். 0.375 என்று வந்தது.

"பார்த்தியா? குறைஞ்சிருக்கு" என்று சொல்லி, ஒன்றரையை ரப்பரால் தேய்த்து, தன் விடையை எழுத வைத்தார்.

மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுந்திருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்க விடையும் ஒன்றரை என்றே இருப்பதாகக் கனிமொழி காட்டினாள். அழகர்சாமி அசரவில்லை. டீச்சர் புத்தகத்தைப் பார்த்துத் திருத்துகிறாள், புத்தகம் தப்பு, ஆக டீச்சரும் தப்பு என்று தீர்ப்புச் சொன்னார்.

"நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிப்பீங்க" என்றாள் அவர் மனைவி வள்ளி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

முயலின் காலை எண்ணச் சாட்சிகள் வேண்டும் அல்லவா? அவர் கணக்கை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். செக்‌ஷனில் இருந்த அத்தனை பேரும் அத்தனை கால்குலேட்டரிலும் அதே வரிசையில் அழுத்தினார்கள். அத்தனையிலும் 0.375 வந்தது. அடுத்த அறை மல்ஹோத்ரா எழுந்து வந்து, போட்டுப் பார்த்து, "பில்குல் டீக்", முழுக்கச் சரி என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அழகர்சாமியின் உதவியாளர் கோபாலன், சார் சொன்னால் சூரியன் மேற்கே உதிப்பதற்கும் குறிப்பு எழுதக்கூடியவர், இரண்டு கால்குலேட்டரில் போட்டுக் காட்டினார். ஒரு கட்டடமே சேர்ந்து சொன்ன பிறகு புத்தகம் எம்மாத்திரம்?

அன்று இரவே மகளுக்கு எல்லாப் பின்னக் கணக்குகளையும் தன் முறையில் சொல்லிக்கொடுத்தார். அவள் தலையாட்டினாள். அந்த வாரம்தான் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் கணக்குப் போட்டிக்கு ஆள் எடுக்கத் தேர்வு. அந்த அணியில் சேர வேண்டும் என்று கனிமொழி தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சேர்ந்தால் அணிக்கென்று நீலக் கோட்டு தருவார்கள்.

பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அழுத பிள்ளையைப் பார்க்க அழகர்சாமிக்குப் பொறுக்கவில்லை. அந்தத் துக்கத்தை அவர் வழக்கப்படி கோபமாக மாற்றிக்கொண்டார். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அங்கே வைத்தே கேட்டுவிடுவது, பெயரைச் சேர்க்காமல் வருவதில்லை என்று கிளம்பினார். சாட்சிக்குக் கோபாலனையும் அழைத்துக்கொண்டார்.

பள்ளியில் வெள்ளையடிப்பு நடந்ததால் கூட்டத்தை அவர்கள் குடியிருந்த ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் சமூகக் கூடத்தில் வைத்திருந்தார்கள். ஏப்ரல் கடைசி. வெளியே அனல். உள்ளே அதைவிட அனல், ஏனென்றால் அந்த நீளக் கூடத்துக்கு மொத்தமே இரண்டு மின்விசிறிகள்தான். கட்டிய நாள் முதல் இதே கதை. அங்கே நடக்கும் கல்யாணங்களில் முன்விசிறி மாப்பிள்ளை வீட்டாருக்கு, பின்விசிறி பெண் வீட்டாருக்கு என்பது எழுதாத சட்டம். நடுவில் அகப்பட்டவர்கள் தாலி ஏறுவதற்கு முன்பே மொய் எழுதிவிட்டு வெளிக்காற்றுக்கு ஓடிவிடுவார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் அழகர்சாமி இதைப் பற்றிப் பேசாத கூட்டம் இல்லை. இன்றும் எழுந்ததும் முதலில் அதைத்தான் பிடித்தார்.

"இவ்வளவு பெரிய ஹாலுக்கு ரெண்டு ஃபேன் போதும்னு எழுதுன அறிவாளி யாருன்னு தெரிஞ்சா, அவனை மே மாசம் நடுவுல உக்கார வெச்சு ஒரு கல்யாணம் முழுசும் பார்க்க வைக்கணும்."

கைதட்டல் பலமாக வந்தது. முன்வரிசையில் ஒருவர் விசிலே அடித்தார். அந்தத் தெம்போடு கணக்குக்குத் தாவினார். புத்தகத்தின் தவறு, அலுவலகத்தின் ஒருமித்த முடிவு, மல்ஹோத்ராவின் வாக்குமூலம் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, கால்குலேட்டரை உறையிலிருந்து எடுத்துக் கணக்கு டீச்சர் ருக்மிணியின் மேஜை மேல் வைத்தார்.

ருக்மிணி டீச்சர் பொறுமைசாலி. அழகர்சாமி அழுத்தியதை இன்னொரு முறை அழுத்திக் காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"சார், நீங்க ஒண்ணால வகுத்து, மறுபடி ரெண்டால வகுக்கறீங்க. அது அரையால வகுத்ததா ஆகாது. ரெண்டால வகுத்ததாத்தான் ஆகும். அரைன்னா பாயின்ட் ஃபைவ்னு முதல்ல மெஷினுக்குச் சொல்லுங்க. அப்புறம் முக்காலை அதால வகுங்க."

அழகர்சாமி அலட்சியமாக அழுத்தினார். 1.5 வந்தது. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார். கால்குலேட்டர் பிடிவாதத்தில் அவரையே உரித்துவைத்திருந்தது, மறுபடியும் 1.5 என்றது.

"முக்கால் லிட்டர் பால்ல எத்தனை அரை லிட்டர் இருக்கு? ஒண்ணு இருக்கு, மேல ஒரு பாதி இருக்கு. அவ்வளவுதான் சார்" என்றார் டீச்சர்.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். பின்விசிறியின் கீழே அம்மாவோடு உட்கார்ந்திருந்த கனிமொழி சிரிக்கவில்லை. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எம் பொண்ணு மேல தப்பில்ல டீச்சர். நான்தான் மாத்தி எழுத வெச்சேன்" என்றார்.

"தெரியும் சார். தேர்வுலகூட எல்லாக் கணக்குக்கும் சரியான விடையை எழுதி, அதை அடிச்சுட்டு, பக்கத்துல உங்க விடையை எழுதியிருக்கா. அப்பாவுக்கு அவ்வளவு மரியாதை. டீம்ல சேர்த்துக்கறேன். ஆனா இனிமே அவ ஹோம்வொர்க்கை நீங்க தொடக்கூடாது."

கனிமொழி எழுந்து குதித்தாள். நீலக் கோட்டு கைக்கு வந்துவிட்டது. வள்ளி முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டே, சிரிப்பையும் அதிலேயே மறைத்துக்கொண்டாள்.

அழகர்சாமிக்குப் பெரிய பாரம் இறங்கியது. பாரம் இறங்கியதும் பழைய மிடுக்கு திரும்ப ஏறியது. கால்குலேட்டரைத் துடைத்து உறைக்குள் போட்டுக்கொண்டு, சபையைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார்.

"போகட்டும். நல்லவேளை, சின்னப் புள்ளை ஹோம்வொர்க்கோட போச்சு. இதனால யாருக்கு என்ன கஷ்டம் வந்துடுச்சு?"

கோபாலன் இரண்டு விசிறிகளுக்கும் எட்டாத நடு நாற்காலியில், வேர்வை சொட்டச் சொட்டத் தன் கால்குலேட்டரில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். இப்போது தலை நிமிர்ந்து, எப்போதும் போலப் பணிவாகச் சொன்னார்:

"சார், நாலரை மீட்டருக்கு ஒரு ஃபேன்னு இந்த இருபத்தேழு மீட்டர் ஹாலுக்கு அன்னைக்கு எஸ்டிமேட்ல நீங்க நாலரையை ஒன்பது பை ரெண்டாக்கி, ஒன்பதால வகுத்து மறுபடி ரெண்டால வகுத்தப்ப ஒன்றரைதான் வந்துச்சு, நீங்களும் பெரிய மனசு பண்ணி ரெண்டா எழுதுனீங்க, இப்ப மேடம் சொன்ன மாதிரி போட்டா ஆறு வருது."