கைஸ்லாம்பியின் சவ்னாத் தியாகம்

உலக வெப்பத்தைத் தணிக்கும் பொறுப்பு தன் தலையில் விழுந்ததும், பின்லாந்தின் கைஸ்லாம்பி நகரம் சற்றும் தயங்காமல் கணினி முன் அமர்ந்தது. நகராட்சியின் பருவநிலை அதிகாரி பைவி 'மக்கள் மன்றம்' என்ற இணையதளத்தைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: விறகுப் புகையைக் குறைக்க எந்தச் சவ்னாவை மூடலாம்?

அவரவர் சவ்னாவைத்தான் சொல்லவேண்டும் என்று போட மறந்துவிட்டார். வீட்டுக்கு வீடு சவ்னா என்னும் வியர்வைக் குளியலறை உள்ள ஊர் அது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் பூமிக்காகக் கண்கலங்கி எழுதினார்கள். எழுதிய கையோடு, தாங்கள் ஒருநாளும் எட்டிப்பார்க்காத சவ்னா ஒன்றைத் தியாகம் செய்தார்கள். அது ஏரிக்கரைக் குடியிருப்பின் பொதுச் சவ்னா. பதினான்கு குடும்பங்களுக்கு ஒரே அடுப்பு.

அங்கே ஒற்றை அறையில் வசித்த இல்மாரி, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சனிக்கிழமை அந்தச் சூட்டில் உட்காருவதுதான் அவருக்கு வாரத்தின் ஒரே சுகம். பதினான்கு வீட்டுக்கு ஓர் அடுப்பு எரிவதுதானே சிக்கனம் என்று மன்றத்தில் எழுதினார். அதை 'தனிப்பட்ட உணர்ச்சிகள்' என்ற பிரிவில் பத்திரமாகச் சேர்த்தார்கள்.

பைவியிடம் நேரில் போனார்.

"எல்லாரும் அடுத்தவன் குளியலைத்தானே விட்டுக்கொடுத்திருக்காங்க, மேடம்?"

"ஆனா ஒருமனசா விட்டுக்கொடுத்திருக்காங்க பாருங்க, சார். இந்த ஒற்றுமை எந்த ஊர்ல வரும்?" என்று பூரித்தார் பைவி. "அடுத்த விவாதம் உங்களுக்காகவேதான். 'சவ்னா இழந்தோர் எங்கே குளிக்கலாம்?'"

"எந்த இடம் வேணும்னாலும் எழுதலாமா?"

"தாராளமா. மக்கள் தீர்ப்புக்கு அப்பீலே கிடையாது."

பூமியைக் காப்பாற்றிய களைப்பில் ஊர் இரண்டாவது விவாதத்துக்கு வரவில்லை. பதினான்கு குடும்பங்கள் மட்டும் வந்து, ஒரே முகவரியை எழுதின. 'ஏகமனதான முடிவு' என்று இணையதளம் தானாகவே அறிவித்தது. வழக்கப்படி அதை யாரும் படிக்கவில்லை, பைவி உட்பட.

சனிக்கிழமை மாலை ஆறு மணி. தனியாக வசிக்கும் பைவி தம் வீட்டுச் சவ்னா அடுப்பை மூட்டிவிட்டுத் துண்டை எடுக்கும்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் இல்மாரி. அவர் பின்னால் முப்பத்தோரு பேர், தோளில் துண்டும் கையில், சவ்னாவில் உடம்பைத் தட்டிக்கொள்ளும் பிர்ச் மரத் தழைக் கட்டுமாக வரிசையில் நின்றார்கள்.

"என்ன சார் இது?"

"மக்கள் கருத்து நேர்லயே வந்திருக்கு, மேடம்," என்றபடி இல்மாரி செருப்பைக் கழற்றினார். "பூமியைப் பத்திக் கவலைப்படாதீங்க. கூட ஒரு விறகுகூட வைக்க வேண்டாம். நீங்க ஒருத்தர் குளிக்க எரியுதே, அதுவே எங்க எல்லாருக்கும் போதும்."