மூலப் பன்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்த்தே மனித குலம் இத்தனை காலம் வீணாய்ப் போனது. அந்த இருளை ஒழிக்க ஒரு பன் தொழிற்சாலையில் அவதரித்தவர்தான் நம் தர அதிகாரி. அவர் வருவதற்கு முன், பன் மெத்தென்று இருக்கிறதா என்று அடுப்படி மேஸ்திரி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லிவந்தார். சொன்னது சரியாகவே இருந்தது என்பது வேறு விஷயம். அதில் 'அறிவியல்' இல்லை.

மேஸ்திரி வேறு யாருமல்ல, அதிகாரியுடைய மனைவியின் அண்ணன். கெஞ்சிக் கூத்தாடி மாப்பிள்ளையை உள்ளே நுழைத்தவரே அவர்தான். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பன்னை அழுத்தி எண் சொல்லும் மெஷினை நிறுவி, 'நம்பகமான' முடிவைக் காட்டினால் நிரந்தரம் என்றிருந்தார் மேலாளர். நம்பகம் என்றால், எத்தனை தடவை அழுத்தினாலும் ஒரே எண் வர வேண்டும்.

மெஷின் வந்தது. மெஷினுக்கு ஏ.சி., அதிகாரிக்கு மின்விசிறி. பத்து பன்னை அழுத்தினால் பத்து எண் வந்தது. உடனே கூட்டம் கூடியது. மெஷின் விலை உயர்ந்தது, ஆகவே தப்பு செய்யாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மிச்சம் இருந்த குற்றவாளி பன்தான்.

"பன்னை ஏன் மாத்திக்கிட்டே இருக்கீங்க?" என்றார் மேலாளர். "ஒரே பன்னை வெச்சு டெஸ்ட் பண்ணுங்க."

"அழுத்தினா அமுங்கிடுமே சார்."

"அமுங்குற வரைக்கும் அழுத்துங்க. அப்புறம் அமுங்காது."

மகான்கள் இப்படித்தான் சுருக்கமாகப் பேசுவார்கள். அன்றைய அடுப்பிலிருந்து ஒரு பன் எடுக்கப்பட்டு, 'மூலப் பன்' என்று பெயர் சூட்டப்பட்டது. தினமும் அதையே அழுத்தினார்கள். பன் காயக் காய எண் ஏறியது. ஏறி ஏறி, ஒரு நாள் நின்றது. அதன்பின் காலையில் அழுத்தினாலும் மாலையில் அழுத்தினாலும் ஒரே எண். அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பிள்ளை முதலில் 'அப்பா' என்றபோதுகூட அவர் இப்படிக் கலங்கியதில்லை.

இனி மற்ற பன்களெல்லாம் மூலப் பன்னுக்கு நிகராக இருக்க வேண்டும் என்றாயிற்று. அடுப்பிலிருந்து வந்த அத்தனையும் தோற்றன. காரணம், 'அளவுக்கு மீறிய மென்மை'. மேஸ்திரி ஆவி பறக்கத் தட்டோடு வந்து, ஒன்றே ஒன்றைத் தின்று பார்க்கும்படி மாப்பிள்ளையைக் கேட்டுக்கொண்டார். தின்பது சோதனை முறையில் இல்லை என்று அதிகாரி பணிவோடு மறுத்தார். குற்றம் மேஸ்திரியுடையதே என்று மேலாளர் நீட்டிய அறிக்கையில் கையெழுத்தும் போட்டார். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பேனா நன்றாகவே எழுதியது. மேஸ்திரிக்கு வேலை போனது, அதிகாரிக்கு வேலை நிரந்தரமானது.

பாராட்டு விழாவில் மூலப் பன்னையே கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பரிசளித்தார்கள். அதன் வாரிசு ஏற்கெனவே ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தது.

வீட்டில் மனைவி பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் மூலப் பன் இருந்தது.

"எங்கண்ணன் சுட்டதுல தேறினது இது ஒண்ணுதானே, சாப்பிடுங்க," என்றாள்.

"இது திங்கிறதுக்கு இல்லம்மா."

"பன்னு வேற எதுக்கு?"

அதற்கு அதிகாரியிடம் எண் இல்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார், பயந்துபோய்க் கடித்தார். பன் தன் எண்ணில் உறுதியாக நின்றது. முன்பல் ஒன்று தட்டில் விழுந்தது.

மனைவி பல்லைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் அவர் நெஞ்சை அழுத்திப் பார்த்தாள்.

"அமுங்கவே இல்ல," என்றாள். "உங்க வேலை நிரந்தரமானது நியாயந்தான்."