மண்ணைச் சீறவைத்த ஷேக்

இர்பித் நகரின் வடக்கு மேட்டில் அந்த வருடம் வீடு கட்டத் தொடங்காதவர்கள் இரண்டு வகை. இடம் இல்லாதவர்கள் ஒரு வகை. ஷேக் முத்லக்கிடம் முறை வராதவர்கள் இன்னொரு வகை.

ஷேக் மண்ணைப் பேசவைப்பார். அஸ்திவாரக் குழியிலிருந்து ஒரு பிடி மண் எடுப்பார். பச்சைக் குப்பியிலிருந்து ஓதிய தண்ணீரை ஊற்றுவார். மண் சீறினால் உள்ளே ஜின் குடியிருக்கிறது. சீறாவிட்டால் நல்ல மண். அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர்கள் ஐந்து வருடம் படிக்கிறார்கள், பாவம்.

சீறும் மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு, சீறாத சிவப்பு மண்ணை நிரப்ப வேண்டும். சிவப்பு மண் கீழே சமவெளியில் கிடைக்கும். ஏற்றிவர லாரி வேண்டும். லாரி ஷேக்கின் மைத்துனருடையது. ஜின்கள் அப்படி ஏற்பாடு செய்திருந்தன.

அவ்னி பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். மூத்த மகளின் பெயரால் ஊர் அவனை அபூ தமாரா, தமாராவின் அப்பா, என்று அழைத்தது. பதின்மூன்று வருடம் வாடகை வீட்டின் நான்காம் மாடியில் இருந்தவன், இப்போதுதான் சொந்தக் குழி ஒன்றைத் தோண்டியிருந்தான். பொறியாளர் இறங்கிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். 'சுண்ணாம்புப் பாறை. கெட்டியான தரை. இதன் மேலேயே அஸ்திவாரம் போடலாம்' என்று எழுதிக் கொடுத்தார். அவ்னி அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷேக்கை அழைத்துவரப் போனான்.

ஷேக் ஊற்றினார். வெள்ளை மண் சீறியது. நுரைத்தது. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது.

"ஏழு பேர் இருக்காங்க," என்றார் ஷேக். "பெரிய குடும்பம்."

"யா லத்தீஃப்! நான் என்ன செய்யட்டும் ஷேக்?"

"ஒரு மீட்டர் தோண்டி எடு. செவப்பு மண் போடு. வியாழக்கிழமை கிடா அறுத்து கான்கிரீட் ஊத்து. கிடாவோட தொடை ரெண்டையும் எனக்கு அனுப்பு. ஜின்களைச் சமாதானப்படுத்தணும்."

அவ்னியின் மனைவி ரஸ்மிய்யா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ ஊத்துங்க ஷேக்."

"அதுகளை ரொம்பச் சீண்டக் கூடாதும்மா."

வீட்டுக்குப் போனதும் அவ்னி தொடங்கினான். "நீயே உன் காதால கேட்டியே!"

"கேட்டேன். தினமும் கேக்குற சத்தம் மாதிரி இருந்துச்சு."

"ஜின்னு தினமும் உன்கிட்ட பேசுதாக்கும்?"

"அபூ தமாரா, போன வருஷம் கட்டின நம்ம ஃபலாஹ் வீட்டுல செவப்பு மண்ணுதானே போட்டாங்க? சுவத்துல என் கையே போகுது, அவ்ளோ பெரிய விரிசல்."

"அது பக்கத்து மனையிலேருந்து வந்த ஜின். ஷேக் சொன்னாரே."

ரஸ்மிய்யா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஃபலாஹ் வீட்டு முற்றத்தில் மிச்சம் கிடந்த சிவப்பு மண்ணை ஒரு கூடை அள்ளிவந்தாள்.

வியாழன் காலை. தோண்டும் இயந்திரம் குழி ஓரத்தில் உறுமிக்கொண்டு நின்றது. பின்னால் சிவப்பு மண் லாரி, அதன் பக்கத்தில் ஷேக்கின் மைத்துனர். அதற்குப் பின்னால் கட்டியிருந்த கிடா. அங்கே நடப்பது என்னவென்று முழுதாகப் புரிந்திருந்தது அதற்கு மட்டும்தான்.

ரஸ்மிய்யா ஒரு கெட்டிலுடன் வந்தாள்.

"டீ அப்புறம் குடிக்கலாம்," என்றான் அவ்னி.

"டீ இல்ல. ஷேக், மண்ணை விடுங்க. மொதல்ல இதுக்குள்ள ஊத்துங்க."

கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவு. அந்த ஊர்த் தண்ணீர் எல்லாக் கெட்டிலுக்கும் கொடுக்கும் பரிசு.

"என்னம்மா, விளையாட்டா?"

"ஊத்துங்க ஷேக்," என்றான் ஃபலாஹ், கூட்டத்திலிருந்து. "பாப்போம்."

ஷேக் குப்பியை மார்போடு அணைத்தார். அது அணைப்பில் இருக்கும்போதே ரஸ்மிய்யா பிடுங்கிக் கெட்டிலுக்குள் கவிழ்த்தாள்.

கெட்டில் சீறியது. நுரைத்தது.

"அல்லாஹ்! ஏழு பேரும் ராத்திரியோட ராத்திரியா என் அடுப்படிக்குக் குடிவந்துட்டாங்களா?"

முதலில் சிரித்தவர்கள் பெண்கள். வாராவாரம் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றிக் கெட்டில் கழுவும் பெண்கள். அந்தச் சத்தம் அவர்கள் எல்லாருக்கும் தெரியும். குழியோரம் நின்று கேட்டபோது மட்டும் தெரியவில்லை.

ரஸ்மிய்யா குப்பியில் மிஞ்சியதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "புளிக்குது." மடியிலிருந்து எலுமிச்சை உப்புப் பொட்டலத்தை எடுத்தாள். குழாய்த் தண்ணீரில் கரைத்துக் கணவனிடம் நீட்டினாள். "நீங்க ஊத்துங்க."

அவ்னி ஊற்றினான். எதுவும் ஓதவில்லை. பேருந்து ஓட்டும் கைதான். அதற்கும் மண் சீறியது.

"சுண்ணாம்பு இருக்குற எதுவும் புளிப்புக்குச் சீறும். இப்போ சாதுவான மண்ணைப் பாருங்க."

அவள் ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கிக் காட்டினாள். மூன்று நாள் முன்பு பாதிவரை சிவப்பு மண்ணை இறுக்கிக் கோடு போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். மண் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் ஏறியிருந்தது. பிறகு ஒரு தட்டு. நனைத்து வெயிலில் காயவைத்த அதே மண், தட்டு முழுக்கப் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது.

"மழையில வீங்கும். கோடையில பிளக்கும். மேல நிக்கிற வீடு?"

ஃபலாஹ் தட்டைப் பார்த்தான். அவன் வீட்டுச் சுவரில் உள்ள அதே கோடுகள். மெல்ல நடந்துபோய் லாரியின் சாவியை உருவிக்கொண்டான். "மைத்துனரே, என் வீட்டுக்கு அடியில கொட்டினத அள்ளிட்டு சாவிய வாங்கிக்குங்க."

ஷேக் நண்பகல் லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். மணி அப்போது காலை ஒன்பதரை.

அவ்னி சட்டைப் பையிலிருந்து பொறியாளரின் தாளை எடுத்து விரித்தான். முதல் முறையாகப் படித்தான். பிறகு தோண்டும் இயந்திரத்தை அணைக்கச் சொன்னான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கூட்டம் கூட்டம்தான். ஒரு பெரியவர் ரஸ்மிய்யாவின் கையைப் பிடித்து முத்தமிடக் குனிந்தார்.

"உம்மு தமாரா, உங்களுக்கு அருள் இருக்கு. எங்க மண்ணையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்!"

அவருக்குப் பின்னால் அதற்குள் வரிசை நின்றது.

ரஸ்மிய்யா கையை உருவிக்கொண்டாள். கெட்டிலை அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.

"இதுல படிஞ்சத வாராவாரம் கழுவுறோம் மாமா. தலைக்குள்ள படிஞ்சத எப்போ கழுவப் போறீங்க?"