புகை மணக்கும் விஸ்கியும் என் பாழாய்ப்போன மூக்கும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் வீட்டில் அவளும் சுகம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் சுகமாக இருப்பதை மகள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். மூன்று மாதமாக நம் இருவர் சுகமும் அவள் வழியாகவே போய் வந்துகொண்டிருக்கிறது. நான் அவள் வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வருவதில்லை. தாங்கள் போயிருப்பதாகத் தெரிந்தால் நான் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். போன வாரம் அவள், "ஏம்பா, என் வீடு என்ன ஆஸ்பத்திரியா, ஆளுக்கொரு விசிட்டிங் டைம் போட? நீங்க ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டாள். அவள் அழுதது இன்னும் நெஞ்சில் நிற்கிறது. நேரில் வந்தால் வேறு எதையாவது உளறி வைப்பேன் என்பதால் எழுதுகிறேன்.

நடந்தது தங்களுக்கு மறந்திருக்காது. மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு வந்த அன்று தங்கள் வீட்டு முன்னறையில், கண்ணாடி அலமாரியைத் திறந்து அந்த சிங்கிள் மால்ட் விஸ்கியை எடுத்தீர்கள். சதுப்பு நிலத்தில் செடியும் பாசியும் ஆயிரக்கணக்கான வருஷம் மக்கி உண்டாகும் பீட் என்ற மண்ணை வெட்டிக் காயவைத்து, அதை எரித்த புகையில்தான் இதற்கான பார்லியை உலர்த்துகிறார்கள் என்று அரைமணி நேரம் விளக்கினீர்கள். பல் டாக்டராக இருந்த காலத்தில், வாயைத் திறந்துகொண்டு கிடந்தவர்களிடம்கூட அவ்வளவு பொறுமையாகப் பேசியிருப்பீர்களா தெரியாது. பிறகு கோப்பையை என் கையில் கொடுத்து, "மோந்து பாருங்க சம்பந்தி, என்ன தோணுது?" என்றீர்கள்.

அங்கேதான் வினை பிடித்தது. முப்பத்துநான்கு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கடைகளையும் கிடங்குகளையும் முகர்ந்து பார்த்தே சோறு தின்றவனிடம் கேட்கிற கேள்வியா அது? மூக்கு கோப்பைக்குள் போனதும் வாய் தானாக அறிக்கை படிக்க ஆரம்பித்துவிட்டது. "மருந்துக்கடை. மொதல்ல ஒயர் கருகியிருக்கு. அப்புறம் அயோடின், பேண்டேஜ் துணி. தண்ணி அடிச்சு அணைச்சு ரெண்டு நாள் ஆச்சு. வேணும்னு வெச்ச தீ இல்ல." மாப்பிள்ளைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தாங்கள் சிரிக்கவில்லை. என் கோப்பையையும் தங்கள் கோப்பையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், வெறுங்கையோடு திரும்பி வந்து மழை வருமா என்று பேசினீர்கள். ஒரு மனிதர் ஆசை ஆசையாக ஊற்றிக் கொடுத்ததை இப்படியா சொல்வது என்று வரும் வழியெல்லாம் கூட வந்த என் வீட்டுக்காரி என்னை வறுத்தெடுத்தாள்.

சரி, சம்பந்திக்கு அதில் அப்படி என்னதான் தெரிகிறது என்று கற்றுக்கொண்டுவிட்டே மன்னிப்புக் கேட்போம் என்று, ஆறு வாரத்துக்கு முன் அதே விஸ்கியைத் தேடி வாங்கினேன். லேசாகச் சூடு ஏறினால் மணம் விரியும் என்று தாங்கள் சொன்ன ஞாபகம். உள்ளங்கைச் சூட்டைத்தான் சொல்லியிருப்பீர்கள். நான் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதில் கோப்பையை நிறுத்தி, அடுப்பை மூட்டி, புகைபோக்கி விசிறியையும் போட்டுவிட்டேன். பட்டப்பகல் பதினோரு மணி. அந்த விசிறி எங்கள் கட்டிடத்தின் பன்னிரண்டு வீட்டுச் சமையலறைக்கும் பொதுவான குழாய்க்குள் ஊதுகிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் மாடியிலிருந்து "ஒயர் எரியுது! ஒயர் எரியுது!" என்று கூச்சல். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட பாட்டு டீச்சர் போட்ட சத்தத்தில் சுருதி பிசகவே இல்லை. செயலாளர் மூச்சிரைக்க என் கதவைத் தட்டி, "சார், நல்ல வேளை நீங்க இருக்கீங்க. உங்களவிட்டா இத யாரு கண்டுபிடிப்பா?" என்றார். என்ன செய்வேன் சொல்லுங்கள்? அடுப்பை அணைத்துவிட்டு, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, என்னை நானே வலைவீசித் தேடும் வேலையை ஒரு மணி நேரம் பார்த்தேன். கடைசியில் சங்க நோட்டில் "காரணம் கண்டறியப்படவில்லை" என்று கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் பொய் அறிக்கை அது.

அன்றையிலிருந்து அடுப்புப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து, கொஞ்சமே கொஞ்சம் ஊற்றி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, சும்மா காத்திருக்கப் பழகினேன். முதல் வாரம் மருந்துக்கடைதான். இரண்டாவது வாரமும் மருந்துக்கடைதான். மூன்றாவது வாரம் புகை சற்று ஒதுங்கி, பின்னால் எலுமிச்சைத் தோல் மாதிரி ஏதோ வந்தது. அப்புறம் உப்பு, அதற்கும் அடியில் லேசாகத் தேன். புகையைச் சாப்பிட்ட தானியம் சாராயமாகி, இத்தனை வருஷம் பீப்பாய்க்குள் இருந்துவிட்டு, இவ்வளவையும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறது.

அப்போது ஒரு புத்தக பைண்டிங் கடை ஞாபகத்துக்கு வந்தது சம்பந்தி. எரிந்துபோன கடையில், கடைக்கார அம்மா ஒரு கரிக்கட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்துக் காட்டினார். வெளியேதான் கரி. உள்ளே தாள்கள் வெள்ளையாக இருந்தன. "பாருங்க சார், உள்ள ஒண்ணும் ஆகல" என்று சிரித்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "முழுச் சேதம்" என்று எழுதிவிட்டு, எந்த ஒயர், யார் தப்பு என்று சுவரை மோப்பம் பிடிக்கப் போய்விட்டேன். புகை வந்தால் குற்றவாளி யார் என்று மட்டுமே கேட்கப் பழகிய மூக்கு இது. என்ன மிச்சமிருக்கிறது என்று அது ஒரு நாளும் கேட்டதில்லை. தங்கள் வீட்டு முன்னறையில் விருந்தாளியாக உட்கார்ந்தும் அதே புத்திதான். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னிக்க வேண்டும்.

வரும் ஞாயிறு பதினோரு மணிக்கு மகள் வீட்டுக்கு நான் வருகிறேன். தாங்களும் அதே பதினோரு மணிக்கு வர வேண்டும். பக்கத்தில் உட்காரவைத்து, நான் இன்னும் கண்டுபிடிக்காத மணங்களைத் தாங்கள்தான் சொல்லித்தர வேண்டும். சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் இருவர் வணக்கமும். பிள்ளைகள் இருவரும் நம் தொல்லையில்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பை எதிர்பார்க்கும் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இதை வீட்டில் அவளிடம் படித்துக்காட்டினேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே, "அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காதே" என்கிறாள். சம்பந்தி அம்மா அப்போதே போனில் சொல்லிவிட்டாராம். யாரோ ஒரு நோயாளி நன்றிக்கடனாக வருஷா வருஷம் கொண்டுவந்து தருகிறாராம். வேண்டாம் என்று சொல்ல மனசு வராமல் வாங்கி வைத்து, வருகிறவர்களுக்கு ஊற்றித் தீர்க்கிறீர்களாம். நான் மருந்துக்கடை என்றதும், பத்து வருஷமாகத் தங்களுக்கும் அதேதான் தோன்றியது என்று சம்பந்தி அம்மாவிடம் சொன்னீர்களாம். அரைமணி நேரம் விளக்கிய வெட்கத்தில்தான் என் முகத்தில் விழிக்காமல் இருக்கிறீர்களாம். "மூணு மாசமா ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க எங்க கேட்டீங்க? எல்லாத்தையும் மோந்து பாத்தே தெரிஞ்சுக்கறவராச்சே" என்கிறாள். ஆகவே சம்பந்தி, மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவசியம் வாருங்கள், தங்களுக்குக் காப்பி போடச் சொல்கிறேன். அலமாரியில் மிச்சமிருக்கும் பாட்டில்களையும் கொண்டுவந்துவிடுங்கள். எனக்கு அது நிஜமாகவே பிடித்துப்போய்விட்டது. கூட உட்கார்ந்து குடிக்கத் தாங்கள் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் பிடிக்கவே ஆரம்பித்தது.