ஜெஸ்ஸாவின் கல்யாணம் செல்லாது என்பதற்கான காரணங்கள்

அன்புள்ள மரிவிக் அக்காவுக்கு, தம்பி ரோமெல் எழுதுவது.

இலொய்லோவில் நாங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். தோஹாவில் நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லவேண்டியதைக் கடிதமாக எழுதக் காரணம், போனில் நீ என்னைப் பேச விடவில்லை, பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டாய். பக்கத்து வீட்டு ரோவெனா லீவு முடிந்து அங்கே திரும்புகிறாள். கருவாட்டோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்கிறேன். உன் மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நீ பேஸ்புக்கில் பார்த்த படம் நிஜம், வெள்ளை கவுன் நிஜம், பக்கத்தில் நின்ற பையனும் நிஜம், பாதிரியார் மட்டும் பொய். அது அங்கி மாட்டிய உயிரியல் வாத்தியார். கன்னியர் நடத்தும் அந்தப் பள்ளியில் தனிமனித வளர்ச்சியும் குடும்ப உறவுகளும் என்று ஒரு பாடம் இருக்கிறது, அதைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் மண்டையில் ஏறாது என்று சிஸ்டர் ஃபெலிசிடாஸ் வருடாவருடம் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளை ஜோடி சேர்த்து, ஒத்திகைக் கல்யாணம் செய்துவைத்து, ஒரு பருவம் முழுக்க வகுப்பறையில் குடும்பம் நடத்தவைத்து மார்க் போடுகிறார். ஜெஸ்ஸாவுக்குச் சீட்டில் விழுந்தவன் பெயர் டார்வின். அவர்களுக்குள் நீ நினைப்பதுபோல எதுவும் கிடையாது. அதை நிரூபிக்கத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு, அவளைப் பள்ளியிலிருந்து எடுத்து டாவாவோவில் சித்தி வீட்டுக்கு அனுப்பு என்று நீ போட்ட உத்தரவை வாபஸ் வாங்கு. நீ போனில் கத்திய நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சமைப்பவன் நான் என்பதால் சொல்கிறேன், வீணாகிறது.

கல்யாணத்துக்கு ஞானத்தந்தையாக ஒருவர் சாட்சி நிற்க வேண்டும், வீட்டு ஆம்பிளை வந்தால் போதும், பத்து நிமிட வேலை என்றாள் ஜெஸ்ஸா. ஐஸ் ஆலையில் கம்ப்ரஸரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனேன். மணமக்கள் மேல் முக்காடு போட்டு, கயிற்றை எட்டுப்போல மடித்துத் தோளில் போட்டு, உயிரியல் வாத்தியார் பையனிடம் சம்மதமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது, மண்டபம் இருண்டது, மைக் செத்தது, ஃபேன் நின்றது. கூட்டத்தில் தொழில் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் பின்பக்கம் ஓடி ஜெனரேட்டருக்கு அடியில் படுத்தேன். எண்ணெய் அடைப்பு. சரிசெய்துவிட்டு வெளியே வந்தால் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கைகழுவிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். அன்றைக்கு வந்த வினை அதுதான், ஏனென்றால் பக்கத்து நாற்காலியில் இருந்தது டார்வினின் அம்மா நெனித்தா. சந்தைக்கு வெளியே கோழி சுட்டு விற்கிறார். அடுத்த நாள் காலையில் ஆலை வாசலில் நின்றுகொண்டு என்னைச் சம்பந்தி என்று கூப்பிடுகிறார், வேலையாட்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"சம்பந்தி, கடை ஃப்ரீசர் ரெண்டு நாளா அழுவுது. நம்ம வீட்டு மனுசன் நீங்க இருக்கும்போது வெளியாளைக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

"அது ஒத்திகைக் கல்யாணங்க."

"ஃப்ரீசர் ஒத்திகை இல்லையே சம்பந்தி."

போய்ச் சரிசெய்தேன். அப்புறம் அவர் அண்ணன் வீட்டு ஏசி, அப்புறம் ஏதோ ஒன்றுவிட்ட மச்சானுடைய மீன் வண்டி, எல்லாரும் எனக்குச் சொந்தமாம், சொந்தக்காரனுக்கு யாராவது கூலி கொடுப்பார்களா, சுட்ட கோழிதான் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் இப்போது கோழி என்றாலே ஜெஸ்ஸா எழுந்து போய்விடுகிறாள்.

அடுத்து குழந்தை. பதறாதே, அரிசி மூட்டை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சின்ன மூட்டை அரிசியைத் துணியில் கட்டி, தொப்பி மாட்டி, பெயர் வைத்துக் கொடுக்கிறார்கள், அதை இரண்டு வீட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், தனியாக விட்டுப் போகக்கூடாது. ஜெஸ்ஸா ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாள். டார்வின் முறை வந்தபோது அவன் பிள்ளையைச் சமையலறை மேசையில் போட்டுவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டான். அன்றைக்குப் பார்த்து அவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள். மறுநாள் அவன் வெறுங்கையோடு வந்து எங்கள் வாசலில் நின்றான்.

"புள்ள எங்கடா?"

"அம்மாவுக்குத் தெரியாது ஜெஸ்ஸா. அரிசி பத்தலைன்னு..."

"நம்ம புள்ளைய உங்கம்மா சோறாக்கிட்டாங்க. நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"ரெண்டாந்தரம் போட்டுக்கிட்டேன். அப்ப எனக்கும் தெரியாது."

அவள் கதவைச் சாத்திய சாத்தலில் கீல் கழன்றுவிட்டது. நான்தான் மாட்டினேன். அக்கா, இப்படிப்பட்டவனோடு உன் மகள் காதல் செய்கிறாள் என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் கணக்கு வரவில்லை என்று அர்த்தம்.

எனக்கு இந்தப் புருஷன் வேண்டாம், தனியாகவே பாடத்தை முடிக்கிறேன் என்று ஜெஸ்ஸா சிஸ்டரிடம் போனாள். சிஸ்டர் அசையவில்லை. "இந்த நாட்டுல விவாகரத்து இல்லம்மா, என் வகுப்புல மட்டும் எப்படி இருக்கும்? பேசித் தீர்த்துக்கங்க" என்றார். ஒரே வழி, கல்யாணம் ஆரம்பத்திலேயே செல்லாது என்று நிரூபிப்பது. உனக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மனு எழுதிக்கொண்டு நானே போனேன், அரை நாள் சம்பளம் போயிற்று.

நூலகத்தில் விசாரணை. ஒரு பக்கம் நானும் ஜெஸ்ஸாவும், எதிரே டார்வினும் நெனித்தாவும், நடுவில் சிஸ்டர். சாட்சியில்லாமல் சம்மதம் கிடையாது, சம்மதம் கேட்ட நேரத்தில் சாட்சியாகிய நான் ஜெனரேட்டருக்கு அடியில் இருந்தேன், ஆகவே அடிப்படையே பிழை என்றேன்.

"அப்ப விருந்துல மூணு தட்டு சாப்பிட்டது யாரு?" என்றார் சிஸ்டர்.

"பசிக்குச் சாப்பிட்டேன் சிஸ்டர். சாட்சிக்கு இல்ல."

"என்ன சம்பந்தி இப்பிடிப் பேசுறீங்க" என்றார் நெனித்தா. "ஏசி ஓடும்போது மட்டும் சொந்தமா?"

"ஏசி உங்க அண்ணன் வீட்டுல ஓடுது."

சிஸ்டர் பையன் பக்கம் திரும்பி, "நீ சம்மதம்னு சொன்னியா இல்லையா?" என்றார்.

"சொன்னேன் சிஸ்டர். ஆனா இருட்டுல யார்கிட்ட சொன்னேன்னு தெரியல."

ஜெஸ்ஸா மேசைக்கடியில் குனிந்து செருப்பைச் சரிசெய்தாள், வெகுநேரம். கோபத்தை அடக்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். தீர்ப்பு வெள்ளிக்கிழமை. வாதம் பலமாக இருக்கிறது, ஜெயிப்போம். ஜெயித்தவுடன் அந்தப் பையன் இந்த வாசல் பக்கமே வரமாட்டான், அவனுக்கு வர வேறு காரணம் இல்லை. ஆகவே டாவாவோ தேவையில்லை. ஒழுங்காகப் படிக்கிற பெண்ணைப் பாதியில் பிடுங்காதே.

கருவாட்டை வாங்கியவுடன் ஃபிரிட்ஜில் வை. உன்னோடு தங்கியிருப்பவர்களுக்கு என் வணக்கம். மாதா உன் முதுகுவலியையும் உன் கோபத்தையும் குறைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
ரோமெல்

பி.கு.: ரோவெனாவின் விமானம் தள்ளிப்போனதால் உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். தீர்ப்பு வந்துவிட்டது, கல்யாணம் செல்லாது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. உன் கல்யாணம் செல்லாது என்று கேட்டு நீ போட்டு, ஆயர் அலுவலகத்தில் ஆறு வருடமாகக் கிடக்கும் மனுவை சிஸ்டர் ஃபெலிசிடாஸிடம் கொடுத்திருக்கலாம். இனி அவரவர் பாடத்தை அவரவர் தனியாக முடிக்கலாம் என்றும் எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே டார்வின் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றான். "இனிமே உனக்கு இங்க என்னடா வேலை, எல்லாம் செல்லாதுன்னு ஆயிடுச்சே" என்று கேட்டேன். உள்ளேயிருந்து ஜெஸ்ஸா சொன்னாள்: "நான்தான் வரச்சொன்னேன் மாமா. அப்ப சீட்டுல விழுந்தான். இப்ப நான் கூப்பிட்டு வந்திருக்கான்." இருவரும் மேசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு நோட்டில் தனித்தனியாக எழுதுகிறார்கள், சிரித்துக்கொண்டே. மேலே நான் எழுதிய ஆதாரம் எல்லாம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் சரி. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. அவளை டாவாவோவுக்கு அனுப்புவதானால் நீ லீவு போட்டு வந்து அனுப்பு. நான் அனுப்பமாட்டேன்.