பதினேழாம் நம்பர் ஆண்

பதினேழாம் நம்பர் செடி ஆண். அதன் அடித்தண்டில் நீல அட்டை கட்டியிருந்தது. நாலு வருஷமாக அது ஒழுங்காக ஆணாகத்தான் இருந்தது. தேர்வாளர் வரப்போகிற இன்றைக்கென்று பார்த்து, அட்டைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பழம் பழுத்துத் தொங்கியது.

ஆராய்ச்சிக்காரி கண்ணாடி வீட்டின் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முந்நூறு பக்க ஆய்வேட்டைப் பிழிந்தால் ஒரே வரிதான் வரும்: ஒரு காலத்தில் ஒரே பூவுக்குள் குடித்தனம் நடத்திய ஆணும் பெண்ணும், இந்த இனத்தில் தனித்தனிச் செடிகளாகத் தனிக்குடித்தனம் போய்விட்டன, இனி திரும்பி வரவே வராது. ஆணுக்கு நீல அட்டை இருபது, பெண்ணுக்குச் சிவப்பு அட்டை இருபது. அவளுக்குப் பட்டம் கிடைப்பது இந்த நாற்பது செடிகளின் நன்னடத்தையில் இருந்தது.

சட்டென்று பழத்தைப் பறித்தாள். கண்ணாடிக் கதவு திறந்தது. கோட்டில் பை இல்லை. வாயில் போட்டுக்கொண்டாள்.

"வணக்கம்மா. ஆரம்பிக்கலாமா?" என்றார் தேர்வாளர்.

தலையை மட்டும் ஆட்டினாள். பழம் கசந்த கசப்பில் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஏம்மா அழறீங்க? நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே!"

கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"பல்வலியா? என் தங்கச்சி பல் டாக்டர்தான். வாயைத் திறங்க, பாப்போம்."

கொட்டையோடு விழுங்கினாள். "சரியாயிடுச்சு சார்."

"ஐயையோ, வாயெல்லாம் ரத்தம்! இருங்க, தண்ணி கொண்டு வர்றேன்!"

அவர் ஓடினார். அவள் இலையை விலக்கினாள். அதே கிளையில் இன்னும் ஐந்து பழங்கள். அத்தனையையும் விழுங்க உடம்பில் தெம்பில்லை. நீல அட்டையை அவிழ்த்தாள். அட்டை கட்டியிருந்த இடத்தில் தண்டு கொஞ்சம் புடைத்திருந்தது; அதையெல்லாம் பார்க்க இது நேரமா? பதினெட்டின் சிவப்பு அட்டையைப் பிடுங்கிப் பதினேழுக்குக் கட்டினாள். கையில் நீலம் மிஞ்சியது. ஆய்வேட்டில் ஆண்கள் இருபது என்று இருக்கிறதே! அதைப் பதினெட்டுக்குக் கட்டினாள்.

அப்புறம்தான் பதினெட்டை நிமிர்ந்து பார்த்தாள்; கிளையெல்லாம் பழம். இப்போது ஓர் ஆண், நாற்பது பிள்ளைகளோடு நின்றது.

கோட்டைக் கழற்றி அதன் மேல் போர்த்தினாள்.

டம்ளரோடு வந்த தேர்வாளர் நின்றார். "செடிக்குக் குளிருதா?"

"கொஞ்சம் கூச்ச சுபாவம் சார்."

அவர் கோட்டைத் தூக்கினார். நீல அட்டையைப் பார்த்தார். நாற்பது பழங்களையும் பார்த்தார். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பழம் தின்றது, அட்டை மாற்றியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டி அழுதாள்.

தேர்வாளர் திட்டவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பதினேழின் முன்னால் மண்டியிட்டார். ஐந்து நிமிஷம் கழித்துத் துள்ளி எழுந்தார்.

"மேலே ஆண் பூ, கீழே பழம்! தனிக்குடித்தனம் போனவங்க திரும்பி வந்திருக்காங்கம்மா! உங்க ஆய்வேடு தப்புதான். ஆனா இது அதைவிட நூறு மடங்கு பெருசு! பட்டம் கையில வந்த மாதிரி வச்சுக்குங்க!"

படமெடுத்தார். தெரிந்த அறிஞர்களுக்கெல்லாம் அப்போதே அனுப்பினார். "நூத்திப் பன்னெண்டு பேரு!" என்று கத்தினார். அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பதினேழைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

கோடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரர் சத்தம் கேட்டுக் குழாயோடு வந்தார். பழக்கிளையைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, பிடிச்சுக்கிச்சா! மேடம் இவ்ளோ பாத்துப் பாத்து வளத்தும் காய்க்கலியேன்னு மனசு கேக்கல சார். பக்கத்துச் செடியிலேருந்து ஒரு கிளையை வெட்டி, போன வருஷம் நான்தான் இதுல ஒட்டுக் கட்டினேன்."