ஒரு டிகிரி முன்னே பின்னே

அந்தச் சின்னக் குப்பியின் விலை, தென்னூரில் மாடியோடு ஒரு வீடு. பேரம் கிடையாது. விலை வைத்தவர் காந்தி மார்க்கெட் மளிகை வியாபாரி பிலோமின்ராஜ்.

"பாத்தா கசகசா மாதிரி இருக்கு" என்றார் பக்கத்து எலுமிச்சை மண்டி ஹபீபுல்லா.

"கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க பாய். கடலடிச் சேத்துல எடுத்தது. பொடிப்பொடி உயிருங்களோட கூடு. அது வாழ்ந்தப்ப கடல் எவ்வளவு சூடுன்னு இந்தக் கூடு சொல்லிடும். ஸ்ரீரங்கத்துக் கோபுரமெல்லாம் இதுக்குப் பேரப்புள்ள. எம்பொண்ணு ஜாஸ்லினோட ஆராய்ச்சி."

"அப்ப யாருங்க தெர்மாமீட்டர் வெச்சா?"

"மூட்டைக்குள்ள இறங்கியா பாக்குறோம்? குத்தூசியால ஒரு குத்து, அரிசி தெரியலையா?"

"மேல பொன்னி, கீழ நொய்யின்னு வந்த மூட்டையும் பாத்திருக்கேனே."

"அதையும் சொல்லியிருக்கா. புழு சேத்தைக் கலக்கிடுமாம், கூடு கரைஞ்சும் போகுமாம். அதான் ரெண்டு தராசு. எந்த வகைக் கூடு எவ்வளவுன்னு ஒண்ணு, கூட்டுல மெக்னீசியம் எவ்வளவுன்னு இன்னொண்ணு. ரெண்டும் ஒத்துவந்தாத்தான் வாயைத் திறப்பா. அப்பவும் 'ஒரு டிகிரி முன்னப்பின்ன இருக்கும்'னு சொல்லிட்டுத்தான். எந்த மண்டியில எடை தப்பலாம்னு போர்டு மாட்டியிருக்கான்?"

மறுநாள் வெளியூர்ப் பேராசிரியர்கள் முன்னால் அவள் அந்தக் கூடுகளைத் திரும்ப அளந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவள் ஆராய்ச்சியை யாரும் நம்பப் போவதில்லை. இதையும் பிலோமின்ராஜ் பெருமையாகச் சொன்னார். குப்பியை அவள் மேசையிலிருந்து கேட்காமல் எடுத்து வந்ததை மட்டும் சொல்லவில்லை.

"மூடியைத் திறங்க. மூடின சரக்குக்கு யாரு விலை கொடுப்பா?"

திறந்தார். டேபிள் ஃபேன் திரும்பியது. சரக்கு மொத்தமும் பறந்து போய்க் கசகசாத் தட்டில் விழுந்தது.

சலித்துப் பார்த்தார்கள். எல்லாமே ஒன்றாகச் சல்லடையை விட்டு இறங்கின.

"அரிச்சிடலாம். கூடு அடியில தங்கும், கசகசா தண்ணியோட வந்துரும்" என்று ஹபீபுல்லா வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். கசகசாத் தட்டு முழுவதும் நனைந்து நாசமாயிற்று. அடியில் ஒரு துகள்கூடத் தங்கவில்லை.

பிலோமின்ராஜ் வாளியை முகர்ந்து பார்த்தார். "பாய், என்ன வாளி இது?"

"அழுகல் பழம் பிழிஞ்சு கொட்டுறது."

"புளிப்பு பட்டா கூடு கரைஞ்சிரும்னு சொன்னாளே பாவி."

நாற்காலியில் சாய்ந்தார். விற்ற சரக்கு எதையும் திரும்ப வாங்காத மனிதர், சொன்ன சொல் அத்தனையையும் திரும்ப வாங்கிவிடத் தயாராக இருந்தார். வீட்டுக்குப் போன் போட்டார். பாயும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். பாவத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

எடுத்தது மனைவி இருதயமேரி. "ஜாஸ்லின் காலையிலேயே காலேஜ் போயிட்டாளே. என்னங்க?"

ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

"அது நம்ம கடைக் கசகசாதாங்க. அசலை எடுத்துக்கிட்டு, 'அப்பா குப்பியைத் தூக்கிட்டுப் போய்க் கடையில காட்டுவாரு, பொறந்ததுலேருந்து அவரைச் சாம்பிள் பாத்திருக்கேன், இதுல முன்னப்பின்ன கிடையாது'ன்னு அவதான் போட்டு வெச்சா. குர்மாவுக்கு வெச்சிருந்த கசகசா அது, உங்க பேர்ல ஒரு குப்பி பாக்கி, வரும்போது எடுத்துட்டு வாங்க."